ஹீட்டர் டயலை அப்படியே நம்பாதீர்கள்

மீன்தொட்டி ஹீட்டரில் 26 என்று வைத்தால் தண்ணீரும் 26 டிகிரியில் இருக்கும் என்பது நிச்சயமில்லை. ஓரிரு டிகிரி முன்னே பின்னே இருப்பது சகஜம். தனியாக ஒரு தெர்மாமீட்டரை எதிர்ப்பக்கக் கண்ணாடியில் ஒட்டுங்கள்.

ஹீட்டரை ஃபில்டர் நீரோட்டம் படும் இடத்தில் பொருத்தி, அரை மணி நேரம் கழித்து ஸ்விட்சைப் போடுங்கள். ஒரு நாள் ஓடட்டும். தெர்மாமீட்டர் 28 காட்டுகிறதா? டயலை 24-க்கு இறக்கி, மறுநாள் மறுபடி பாருங்கள். ஈஹைம் யேகர் ஹீட்டரில் இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யவே தனி வளையம் உண்டு.

அப்புறம் ரொம்ப முக்கியம்: தண்ணீர் மாற்றும் முன் ஸ்விட்சை அணைத்து, கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான கண்ணாடிக் குழாய் தண்ணீருக்கு வெளியே தெரிந்து, அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் சட்டென்று விரிசல் விடும். கோல்ட்ஃபிஷ் மட்டும் வளர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஹீட்டரே வேண்டாம்.