மைக்ரோப்ராசசர் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று எந்தத் துறையில் சேர்ந்தாலும் ஏதோ ஒரு செமஸ்டரில் மைக்ரோப்ராசசர் பாடம் வந்து நிற்கும். சிலருக்கு 8085, சிலருக்கு 8086 (இரண்டும் இன்டெல் ப்ராசசர்கள்), பெரும்பாலும் கூடவே 8051 என்ற மைக்ரோகன்ட்ரோலர். மற்ற பாடங்களில் நல்ல மார்க் எடுக்கிறவர்கள்கூட இதில் அரியர் வைப்பதைப் பார்க்கலாம். கணக்கு என்றால் பேனாவும் தாளும் எடுத்துப் போட்டுப் பார்க்கிறவர்கள், இதை மட்டும் வாசித்தே முடித்துவிடப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷனும் ஓடி முடிந்ததும் எந்த ரெஜிஸ்டர் (ப்ராசசருக்குள் எண்ணை வைத்திருக்கும் சிறு இடம்) மாறியது, எந்த ஃபிளாக் (கணக்கின் விடை எப்படி வந்தது என்று காட்டும் ஒற்றை பிட்) மாறியது, பஸ்ஸில் (சிப்புகளை இணைக்கும் கோடுகளில்) என்ன போனது என்று எழுதிப் பார்க்காமல் இந்தப் பாடம் பிடிபடாது. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தப் பழக்கம் இல்லாததால் வருகிறவை.

முதலில் ஆர்க்கிடெக்சர் படம். 13 மார்க் கேள்வியாக வரும் என்று முந்தின நாள் இரவு உட்கார்ந்து பெட்டிகளையும் அம்புக்குறிகளையும் மனப்பாடம் செய்வார்கள். பரீட்சையில் ஒரு பெட்டி மறந்தால் மொத்தப் படமும் கலைந்துவிடும். அதற்குப் பதில் ஒரு கேள்வியில் தொடங்கலாம். 8085க்கு மொத்தம் 40 பின். அட்ரஸுக்கு 16, டேட்டாவுக்கு 8, பவர், கிளாக், இன்டரப்ட், கட்டுப்பாட்டு சிக்னல்கள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். தனித்தனியாகக் கொடுக்க இடம் போதாது. அதனால்தான் அட்ரஸின் கீழ்ப்பாதியும் டேட்டாவும் அதே 8 பின்களில் மாறி மாறி வருகின்றன. இப்போது இருப்பது அட்ரஸ் என்று வெளியே சொல்ல ஏஎல்ஈ சிக்னல் வேண்டும், அந்த அட்ரஸைப் பிடித்து வைக்க 74373 மாதிரி ஒரு லாட்ச் வேண்டும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்று வருவது தெரிந்தால் படத்தின் பெரும்பகுதியை யோசித்தே வரைந்துவிடலாம்.

டைமிங் டயகிராமில் (எந்த நேரத்தில் எந்த சிக்னல் மாறுகிறது என்று காட்டும் படம்) நடக்கும் தவறு இதற்கு அண்ணன். ஆய்வகக் கிட்டுகளில் ப்ரோகிராம் 4100இலும் டேட்டா 4500இலும் இருப்பது பல கல்லூரிகளில் வழக்கம் (இந்தக் கட்டுரையில் அட்ரஸ் எல்லாம் ஹெக்ஸ், அதாவது 16ஐ அடிப்படையாகக் கொண்ட எண்). 4100இல் 'எல்டிஏ 4500' (4500இல் இருப்பதை ஏ ரெஜிஸ்டருக்கு எடுத்து வா) என்ற இன்ஸ்ட்ரக்‌ஷன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மெமரியில் அது 3ஏ, 00, 45 என்று மூன்று பைட்டாக உட்காரும். கீழ் பைட் முன்னால், மேல் பைட் பின்னால். இதை 3ஏ, 45, 00 என்று அடித்துவிட்டு, கிட் கெட்டுவிட்டது என்று லேப் அசிஸ்டன்ட்டைத் தேடிப் போகிறவர்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் உண்டு. அந்த வரிசையில் அடித்தால் ப்ராசசர் 0045இல் இருப்பதை எடுத்து வரும், அவ்வளவுதான்.

சரி, படம் வரையும்போது மூன்று பைட் இன்ஸ்ட்ரக்‌ஷன்தானே என்று மூன்று மெஷின் சைக்கிளோடு (இங்கே மெமரியை ஒரு முறை தொடுவது ஒரு சைக்கிள்) நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் நான்கு. ஆப்கோடு ஃபெட்ச்சுக்கு (முதல் பைட்டை எடுத்து வர) 4 டி-ஸ்டேட் (கிளாக்கின் ஒரு சுற்று ஒரு டி-ஸ்டேட்), இரண்டு அட்ரஸ் பைட்டைப் படிக்க 3 வீதம் 6, கடைசியாக 4500க்குப் போய் டேட்டாவை எடுத்து வர இன்னொரு 3. மொத்தம் 13. முதல் மூன்று சைக்கிளிலும் மேல் அட்ரஸ் கோட்டில் 41 இருக்கும். நான்காவதில் 45 ஆக மாறும். அந்த இடத்தில் மாற்றாமல் 41 என்றே இழுத்துக்கொண்டு போனால், திருத்துகிறவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஏ-யை மெமரியில் எழுதும் 'எஸ்டிஏ' என்றால் எல்லாம் இதேதான், கடைசி சைக்கிள் மட்டும் மெமரி ரைட். இந்த ஒன்றைப் புரிந்து வரைந்தால் மற்ற இன்ஸ்ட்ரக்‌ஷன்களுக்குத் தனியாக மனப்பாடம் தேவையில்லை.

இப்போது ஃபிளாக். இந்தப் பாடத்தில் அதிகம் பேர் விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். குறைத்தால் ஜீரோ ஃபிளாக் (விடை சைபர் என்றால் 1 ஆகும் ஃபிளாக்) மாறும் என்று பொதுவாக எல்லோரும் நம்பிக்கொள்கிறார்கள். 8085இல் ஒற்றை ரெஜிஸ்டரைக் குறைக்கும் 'டிசிஆர்' ஜீரோ ஃபிளாகை மாற்றும். ஆனால் ரெஜிஸ்டர் ஜோடியைக் குறைக்கும் 'டிசிஎக்ஸ்' எந்த ஃபிளாகையும் தொடாது. டிலே (வேண்டுமென்றே வைக்கும் தாமதம்) லூப்பில், பி-சி ஜோடியைக் குறைக்கும் 'டிசிஎக்ஸ் பி' எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே 'ஜேஎன்இசட்' (ஜீரோ ஃபிளாக் 0 என்றால் திரும்பிப் போ) போட்டால் என்ன ஆகும்? அதற்கு முன்னால் எப்போதோ நடந்த கணக்கில் மிஞ்சிய ஜீரோ ஃபிளாகைத்தான் அது பார்க்கும். அந்த ஃபிளாக் 0 ஆக இருந்தால் லூப் முடியவே முடியாது. 1 ஆக இருந்தால் ஒரே சுற்றில் வெளியே வந்துவிடும். அதே ப்ரோகிராம் ஒரு நாள் தொங்கும், இன்னொரு நாள் டிலேயே இல்லாமல் ஓடும். சரியான வழி, சி-யை ஏ-வுக்கு எடுத்து, பி-யோடு 'ஓஆர்ஏ' (பிட் பிட்டாக ஆர்) செய்து, அதற்கப்புறம் ஜம்ப். இரண்டும் சைபர் ஆனால்தான் விடை சைபர் ஆகும்.

'டிசிஆர்', ஒன்று கூட்டும் 'ஐஎன்ஆர்' இரண்டும் ஜீரோவை மாற்றினாலும் கேரி ஃபிளாகை (கூட்டலில் மிஞ்சி வெளியே வரும் பிட்) தொடாது. எஃப்எஃப் (ஹெக்ஸில் 255) இருக்கும் ரெஜிஸ்டரில் ஒன்று கூட்டினால் 00 ஆகும், ஆனால் கேரி வராது. பிசிடி (ஒவ்வொரு தசம இலக்கத்தையும் நான்கு பிட்டில் எழுதும் முறை) கவுன்டர் எழுதுகிறவர்கள் 'ஐஎன்ஆர் ஏ' போட்டு, விடையை பிசிடியாகத் திருத்தும் 'டிஏஏ' போடுவதில் உள்ள ஆபத்து இதுதான். முன்னால் எங்கோ விழுந்த பழைய கேரி அப்படியே நிற்கும், 'டிஏஏ' அதையும் நம்பிக் கணக்கைத் திருத்தும். 1ஐக் கூட்டிக் கேரியையும் புதுப்பிக்கும் 'ஏடிஐ 01' போட்டால் இந்தத் தொல்லை இல்லை. கழித்த பிறகு 'டிஏஏ' போடுவதும் தவறு. 8085இல் அது கூட்டலுக்கு மட்டுமே உருவானது.

'சிஎம்பி'யில் இன்னொரு குழப்பம். ஏ-யிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்த்து ஃபிளாகை மட்டும் மாற்றுவதுதான் அதன் வேலை. ஏ அப்படியே இருக்கும். ஏ சிறியதாக இருந்தால் கேரி 1. பெரிய எண் கண்டுபிடிக்க 'ஜேஎன்சி' (கேரி 0 என்றால் ஜம்ப்), சிறிய எண்ணுக்கு 'ஜேசி' (கேரி 1 என்றால் ஜம்ப்) என்று பாட்டு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். ப்ரோகிராமில் ஒப்பிடும் வரிசை மாறினால் அந்த மனப்பாடம் நேர் எதிராகிவிடும். இந்த ஒப்பீட்டில் குறி கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். எஃப்எஃப் என்பது இங்கே 255தான், -1 அல்ல. 8086க்குப் போனால் இதற்கென்றே இரண்டு விதமான ஜம்ப் இருக்கின்றன. குறி இல்லாத எண்ணுக்கு 'ஜேஏ', 'ஜேபி'. குறியுள்ள எண்ணுக்கு 'ஜேஜி', 'ஜேஎல்'. நெகட்டிவ் எண்களை வரிசைப்படுத்தச் சொன்னால் பெரும்பாலான தவறான விடைகள் இங்கேதான் பிறக்கின்றன.

டிலே கணக்கில் பொதுவான தவறு கிரிஸ்டலின் (கிளாக் துடிப்பைத் தரும் பாகம்) ஃபிரீக்வன்சியை அப்படியே எடுத்துக்கொள்வது. 8085 உள்ளே கிரிஸ்டல் ஃபிரீக்வன்சியை இரண்டால் வகுத்துக்கொள்கிறது. 6 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்றால் வேலை செய்யும் கிளாக் 3 மெகாஹெர்ட்ஸ். சி-யில் எஃப்எஃப் வைக்கும் 'எம்விஐ சி, எஃப்எஃப்' 7 டி-ஸ்டேட், லூப்புக்குள் 'டிசிஆர்' 4, 'ஜேஎன்இசட்' 10. ஒரு சுற்றுக்கு 14 வீதம் 255 சுற்று, அதாவது 3570. கடைசிச் சுற்றில் ஜம்ப் நடக்காது என்பதால் 10க்குப் பதில் 7, ஆக 3 குறைக்க வேண்டும். 7ஐச் சேர்த்தால் 3574. 3 மெகாஹெர்ட்ஸில் இது ஏறக்குறைய 1.19 மில்லிசெகண்ட். 6 என்று எடுத்தால் விடை பாதியாகிவிடும். இதே லூப்பில் எஃப்எஃப்க்குப் பதில் 00 கொடுத்தால் ஓடாது என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் குறைத்துவிட்டுத்தான் சோதிக்கிறோம், அதனால் 256 முறை ஓடும்.

ரெஜிஸ்டர் ஜோடி லூப்பில் ஒரு சுற்றுக்கு 24 டி-ஸ்டேட். அரை விநாடி வேண்டுமென்றால் 3 மெகாஹெர்ட்ஸில் 15 லட்சம் டி-ஸ்டேட், அதை 24ஆல் வகுக்க 62,500. ஹெக்ஸில் எஃப்424. ஜோடிக்குள் அடங்கும் உச்ச எண் 65,535. எனவே ஒரு விநாடி டிலே இந்த ஒற்றை லூப்பில் வராது, வெளியே இன்னொரு லூப் வேண்டும். எண்ணைப் போட்டுப் பார்க்காமல் இது தெரியாது.

ஸ்டேக்கைப் (திரும்பும் அட்ரஸ் மாதிரியானவற்றை அடுக்கி வைக்கும் மெமரி) பற்றிச் சுருக்கமாக. 'கால்' அல்லது 'புஷ்' எழுதும் முன் ஸ்டேக் பாயின்டருக்கு ரேமில் ஒரு இடம் கொடுக்க வேண்டும். கிட்டில் இருக்கும் மானிட்டர் ப்ரோகிராம் அதைத் தானே செய்துவிடுவதால் மாணவர்களுக்கு இந்த வரியின் அருமை தெரிவதில்லை. தனியாக போர்டு செய்து ப்ராஜெக்ட் பண்ணும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். இன்டரப்ட்டிலும் (நடக்கும் வேலையை இடைமறிக்கும் சிக்னல்) இதே மாதிரி ஒன்று. 8085 ஒரு இன்டரப்ட்டை ஏற்றுக்கொண்டதும் அடைக்க முடிகிற இன்டரப்ட்டுகளை எல்லாம் தானாகவே அடைத்துவிடும். திரும்பும் முன் அவற்றைத் திறக்கும் 'ஈஐ' போடாவிட்டால் பட்டன் ஒரு முறைதான் வேலை செய்யும். வெக்டர் அட்ரஸ்களை (இன்டரப்ட் வந்ததும் ப்ராசசர் போகும் இடங்கள்) மனப்பாடம் செய்யவே வேண்டாம், எண்ணை 8ஆல் பெருக்கினால் போதும். ஆர்எஸ்டி 7.5 என்ற இன்டரப்ட்டுக்கு 60. அதை ஹெக்ஸாக்கினால் 3சி. 60 என்றே எழுதிவிட்டு வந்து மார்க்கை இழக்கிறார்கள்.

ஆய்வகத்தில் இன்னொன்று. கூட்டல் ப்ரோகிராமுக்கு எல்லோரும் 05, 03 கொடுத்து 08 வந்ததும் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கேரி வரும் எண்ணைக் கொடுத்துப் பார்ப்பதே இல்லை. எஃப்எஃப், 01 கொடுத்தால் 00 வந்து கேரி 1 பதிவாக வேண்டும். கேரியை எண்ணும் ரெஜிஸ்டரைத் தொடக்கத்தில் சைபராக்க மறந்திருந்தால், முதல் முறை சரியாகவும் இரண்டாம் முறை தப்பாகவும் விடை வரும். அதனால் எந்த ப்ரோகிராமையும் இரண்டு முறை, வேறு வேறு டேட்டாவோடு ஓட்ட வேண்டும். கிட்டில் சிங்கிள் ஸ்டெப் வசதி இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் ரெஜிஸ்டர்களைப் பார்த்து அப்சர்வேஷன் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வைவாவுக்கு அதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

ஒன்றைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்போது பழையதை அப்படியே தூக்கிக்கொண்டு போவது பெரிய தவறு. 8086இல் செக்மென்ட் (மெமரிப் பகுதியின் தொடக்கம்), ஆஃப்செட் (அங்கிருந்து தூரம்) என்ற இரண்டு எண்ணிலிருந்து அட்ரஸ் வரும். செக்மென்ட் 2000, ஆஃப்செட் 1234 என்றால் விடை 3234 அல்ல. செக்மென்ட்டின் வலதுபக்கம் ஒரு ஹெக்ஸ் சைபர் சேர்த்து 20000 ஆக்கி, அப்புறம் கூட்ட வேண்டும்: 21234. அங்கே 16 பிட் 'டிவ்' (வகுத்தல்) போடும் முன், வகுபடும் எண்ணின் மேல்பாதியான டிஎக்ஸில் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால், ஈவு ஏஎக்ஸுக்குள் அடங்காமல் டைப் 0 (வகுத்தல் பிழை) இன்டரப்ட் வந்து ப்ரோகிராம் வேறெங்கோ போய்விடும்.

8051இல் வித்தியாசம் இன்னும் அதிகம். அங்கே ஸ்டேக் மேல்நோக்கி வளரும். ரீசெட் ஆனதும் ஸ்டேக் பாயின்டர் 07, ஆகவே முதல் புஷ் 08இல் விழும். அது ரெஜிஸ்டர் பேங்க் (ரெஜிஸ்டர் தொகுதி) 1இன் ஆர்0. அந்த பேங்க்கையும் பயன்படுத்தினால் ஒன்றை ஒன்று அழிக்கும். ஜீரோ ஃபிளாக் என்று தனியாக ஒன்று 8051இல் கிடையாது, 'ஜேஇசட்' (சைபர் என்றால் ஜம்ப்) நேராக அக்யூமுலேட்டரையே (ஏ ரெஜிஸ்டர்) பார்க்கும். 'மூவ் ஏ, #30' என்றால் 30 என்ற எண், அந்த # விட்டுப்போனால் 30 என்ற இடத்தில் இருக்கும் மதிப்பு. அசெம்பிளர் எந்தப் பிழையும் காட்டாது, இரண்டுமே செல்லுபடியாகும் இன்ஸ்ட்ரக்‌ஷன்கள்.

கடைசியாக, 1976இல் வந்த சிப்பை இப்போது எதற்குப் படிக்க வேண்டும் என்று அலட்சியமாக விடுவது. வேலைக்குப் போனதும் யாரும் 8085இல் எழுதச் சொல்லப் போவதில்லை, உண்மைதான். ஆனால் 8085இல் ஸ்டேக் பாயின்டரைக் கையால் நிரப்பிப் பழகியவருக்கு, ஆர்ம் கார்டெக்ஸ்-எம் (இன்றைய பல மைக்ரோகன்ட்ரோலர்களுக்குள் இருக்கும் ப்ராசசர்) ரீசெட் ஆனதும் வெக்டர் டேபிளின் முதல் சொல்லை ஸ்டேக் பாயின்டரிலும் இரண்டாவதை ப்ரோகிராம் தொடங்கும் அட்ரஸாகவும் ஏன் எடுத்துக்கொள்கிறது என்று விளக்கவே வேண்டாம். ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி ப்ராசசர்கள் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் தொகுப்பின் அடிப்படையிலானவை. ரிஸ்க்-ஃபைவில் ஜீரோ, கேரி மாதிரி ஃபிளாக் ரெஜிஸ்டரே இல்லை. பிராஞ்ச் இன்ஸ்ட்ரக்‌ஷனே இரண்டு ரெஜிஸ்டர்களை நேராக ஒப்பிட்டு முடிவெடுக்கும். 'டிசிஎக்ஸ்' லூப்பில் ஒரு முறை மாட்டிக்கொண்டு, ஃபிளாகைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தவருக்கு அந்த வடிவமைப்பு எதைத் தவிர்க்கிறது என்று படித்தவுடனே புரியும்.