இதய நோயாளிக்கு உறைவுச் சோதனை: படுக்கையருகிலா, ஆய்வகத்திலா?

ஒரே நோயாளியிடம் ஒரே நேரத்தில் எடுத்த இரத்தம் படுக்கையருகே ஓர் எண்ணையும் ஆய்வகத்தில் வேறோர் எண்ணையும் தரும்போது, இரண்டில் ஒன்று தவறு என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். படுக்கையருகே வைக்கும் ஏசிடி (ACT, தூண்டப்பட்ட உறைவு நேரம்) கருவி, அப்போதே எடுத்த முழு இரத்தத்தைக் கயோலின் போன்ற தூண்டுபொருளுடன் கலந்து, அது உறைய எத்தனை விநாடிகள் ஆகின்றன என்று பார்க்கிறது. ஆய்வகத்தின் ஏபிடிடி (aPTT, பிளாஸ்மா உறையும் நேரம்) சோதனையோ, உறைவைத் தடுக்கும் சிட்ரேட் கலந்த இரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, அதில் மீண்டும் கால்சியம் சேர்த்து அளக்கிறது.

இதய நுரையீரல் இயந்திரத்தோடு நடக்கும் அறுவையில், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினின் அளவு மிக அதிகமாக இருப்பதால், ஏபிடிடி அளவிட முடியாத எல்லைக்குப் போய்விடும். சில நிமிடங்களில் விடை தரும் ஏசிடியே அங்கு வழிகாட்டி. அதைப் பெரும்பாலும் 400 முதல் 480 விநாடிகளுக்கு மேல் வைத்திருப்பார்கள். ஆஞ்சியோபிளாஸ்டியில் ஏசிடி கருவியின் வகையைப் பொறுத்து 250 முதல் 350 விநாடிகள் வரை போதும். வார்டில் சொட்டாக ஏறும் குறைந்த அளவு ஹெப்பாரினுக்கு ஏசிடியின் கூர்மை போதாது. அங்கு ஏபிடிடியையோ இரத்தத்தில் ஹெப்பாரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆன்டி-டென்-ஏ (anti-Xa) அளவையோ (வழக்கமான இலக்கு மில்லிலிட்டருக்கு 0.3–0.7 அலகு) நம்புங்கள், சொட்டைத் தொடங்கி அல்லது மாற்றி ஆறு மணி நேரம் கழித்து இரத்தம் எடுங்கள்.

என் அனுபவத்தில், ஆய்வக முடிவு பெரும்பாலும் கெடுவது ஆய்வகத்தில் அல்ல, நோயாளியின் கையருகில்தான். ஹெப்பாரின் ஏறும் கையிலிருந்து எடுத்த இரத்தம் எந்த உறைவுச் சோதனைக்கும் உதவாது. மறு கையில் எடுங்கள். தமனிக் குழாய் வழியாக எடுப்பதாயின், குழாயில் தங்கியிருந்ததை முதலில் நீக்குங்கள். இளநீல மூடிக் குழாயில் ஒன்பது பங்கு இரத்தத்திற்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. குறியீட்டுக் கோட்டிற்குக் கீழே இரத்தம் நின்றால் சிட்ரேட் மிகுந்து, உறைவு நேரம் பொய்யாக நீளும். நிரப்பியதும் குலுக்காமல், நான்கைந்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஹெப்பாரின் உள்ள மாதிரியை ஒரு மணி நேரத்திற்குள் சுழற்ற வேண்டும், ஏனெனில் தாமதித்தால் தட்டணுக்களிலிருந்து வெளிவரும் ஒரு புரதம் ஹெப்பாரினை முடக்கி, நேரத்தைக் குறைத்துக் காட்டிவிடும்.

படுக்கையருகே விடை உடனே கிடைப்பது பெரும் உதவிதான், ஆனால் குளிர்ந்த உடல், நீர்த்த இரத்தம், குறைந்த தட்டணுக்கள் ஆகிய மூன்றும் ஹெப்பாரின் கூடாமலேயே ஏசிடியை நீட்டும். உறைவைத் தடுக்கும் மாத்திரையான வார்ஃபரின் எடுப்பவருக்கு, அதன் விளைவை அளக்க விரல் துளியில் பார்க்கும் ஐஎன்ஆர் (INR) எண் பொதுவாக நம்பத்தக்கது. எனினும் 4-ஐத் தாண்டினாலோ, உறைவுச் சோதனையைக் குழப்பக்கூடிய ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் உள்ளவர் என்றாலோ, சிரை இரத்தத்தை ஆய்வகத்திற்கு அனுப்பி உறுதி செய்யுங்கள். துளி வராவிட்டால் விரலைப் பிசையாதீர்கள். திசு நீர் கலந்து முடிவு மாறும்.

குறிப்பேட்டில் எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்தக் கருவி, எந்தக் கை, எத்தனை மணி, அப்போது ஹெப்பாரின் சொட்டை ஏற்றும் பம்பின் வேகம் என்ன என்பவையும் வேண்டும். அவை இருந்தால்தான் அடுத்த வேளைக்கு வருபவர் அதே முறையின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். நோயாளியின் நிலைக்குப் பொருந்தாத எண் வந்தால், மருத்துவருக்குத் தெரிவித்து, பம்பைத் திருத்துமுன் மறு கையிலிருந்து மீண்டும் எடுங்கள். இரத்தக் கசிவு தெரிந்தால் மட்டும் எந்த முடிவுக்கும் காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.