குழந்தைகளின் எலும்புக் காசநோய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதித் தவறு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. காசம் என்றால் இருமல். இருமாத குழந்தைக்குக் காசநோய் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? கிருமி பெரும்பாலும் நுரையீரல் வழியாகத்தான் நுழைகிறது. ரத்தத்தோடு போய் முதுகெலும்பிலோ, இடுப்பு, முழங்கால் மூட்டிலோ தங்கிவிட்டால், நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம்.

அடுத்தது, “எங்காவது விழுந்திருப்பான்” என்று விட்டுவிடுவது. ஓடியாடும் பிள்ளை விழாத நாளே இல்லை என்பதால் நொண்டலுக்குக் காரணம் எப்போதும் கைவசம் இருக்கும். ஆனால் அடிபட்ட வலி நாளுக்கு நாள் குறையும். காசநோய் வலியோ வாரக்கணக்கில் மெல்ல மெல்ல அதிகமாகும். சில பிள்ளைகள் தூங்கிய பிறகு வீறிட்டு அழும். நோயுள்ள மூட்டை அசையவிடாமல் பகல் முழுக்க இறுகப் பிடித்திருந்த தசைகள் தூக்கத்தில் தளர்ந்துவிடும். மூட்டு லேசாக அசைந்தாலே வலி பிடுங்கும். நாமோ கெட்ட கனவு என்று தட்டித் தூங்க வைத்துவிடுகிறோம்.

தரையில் ஒரு பொம்மையைப் போட்டு எடுக்கச் சொல்லிப் பாருங்கள். முதுகெலும்பில் நோயுள்ள பிள்ளை குனியாது. முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஒரு கையைத் தொடையில் ஊன்றி, முழங்காலை மடக்கி இறங்கித்தான் எடுக்கும்.

முழங்கால் வலிக்கிறது என்றால் முழங்காலை மட்டும் படம் எடுப்பதும் தவறு. இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் தெரியும். வீக்கத்தில் சூடும் சிவப்பும் இல்லையே என்று சமாதானம் அடைவதும் அப்படித்தான். இந்த நோயின் சீழ்க்கட்டி பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கும். அதைச் சாதாரணக் கட்டி என்று கீறிவிட்டால் புண் ஆறாமல் புரை ஓடிவிடும்.

சரி, பரிசோதனைகள். தொடக்கத்தில் எலும்பு எக்ஸ்ரே இயல்பாக இருக்கலாம், எம்.ஆர்.ஐ. முன்பே காட்டிக்கொடுக்கும். கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் மாண்டூ பரிசோதனை நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. பாசிட்டிவ் என்றால் கிருமி எப்போதோ உடலுக்குள் வந்திருக்கலாம் என்பதுதான் செய்தி.

என் கணக்கில் பெரிய தவறு இதுதான்: எலும்பிலிருந்தோ மூட்டிலிருந்தோ திசு எடுக்காமல், “கொடுத்துப் பார்ப்போம்” என்று மாத்திரையைத் தொடங்குவது. சீழ் பிடித்த எலும்பு, மூட்டுவாதம், சில நேரம் புற்றுநோய்கூட இதே வேஷம் போடும். மூட்டுவாதம் என்று நினைத்து, உடலின் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். எடுத்த திசுவை ஜீன்எக்ஸ்பர்ட் (கிருமியின் மரபணுவைத் தேடுவது), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), நுண்ணோக்கி மூன்றுக்கும் அனுப்ப வேண்டும். எலும்பில் கிருமிகள் குறைவு. ஒரு சோதனையில் நழுவுவது இன்னொன்றில் சிக்கும். எந்த மருந்து வேலை செய்யும் என்பதும் இதில்தான் தெரியும். லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை முன்கூட்டியே கொடுத்தால் காசநோய்க் கிருமி பாதி அடங்கிப்போய், சோதனையில் பிடிபடாமல் போகலாம். காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு: கால் பலவீனமாகி நடை தடுமாறினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்து எவ்வளவு நாள்? உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 12 மாதம். மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்றால் முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பிறகு 10 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின். லேசான காசநோய்க்கான 4 மாத சிகிச்சை இதற்குப் பொருந்தாது. மூன்றாம் மாதமே வலி போய்விடும், பிள்ளை ஓடும். மாத்திரையை நிறுத்தும் ஆசை வருவதும் அப்போதுதான். நன்றாகச் சாப்பிட்டு எடை கூடும்போது அளவையும் கூட்ட வேண்டும். பழைய சீட்டையே வைத்து மாத்திரை வாங்கினால் அளவு குறைந்துவிடும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசினால், பயமில்லை. கண் மஞ்சளானாலோ ஓயாத வாந்தி வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், மருந்து முடிந்ததும் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுவது. கிருமி செத்த பிறகும், பிள்ளை வளர வளர முதுகுக் கூன் கூடலாம். முதுகெலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2001-இல் எக்ஸ்ரேயில் பார்க்கக்கூடிய நான்கு அடையாளங்களைச் சொன்னார். இரண்டுக்கு மேல் இருந்தால் கூன் மோசமாக வாய்ப்பு அதிகம். அதனால் வளர்ச்சி நிற்கும்வரை முதுகைப் பக்கவாட்டில் படமெடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். பழைய படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.