பூட்டிய வீடும் நுளம்பும்: மார்கழியில் ஊருக்குப் போவோருக்கு

நாங்கள் லீவு எடுத்து யாழ்ப்பாணம் போகும் காலமும் அங்கே டெங்கு ஏறும் காலமும் ஒன்றுதான். மாரி மழை ஓய, தேங்கிய தண்ணீரில் டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பெருகிவிடும். மலேரியா அற்ற நாடு என்று 2016இல் இலங்கைக்குச் சான்றிதழ் கிடைத்தது உண்மை. அடுத்த வருடமே 1,80,000 பேருக்கு மேல் டெங்கு. "சின்ன வயதில் கடிக்காத நுளம்பா" என்று கைவீசிக்கொண்டு போகாதீர்கள். முன்பு ஒருமுறை டெங்கு வந்தவருக்குத் திரும்ப வந்தால் கடுமையாகலாம்.

இது பகலில் கடிப்பது, விடிந்த கையோடும் பொழுதுபட முன்னரும் கூடுதலாக. மத்தியானம் கண்ணயர்ந்தாலும் வலைக்குள் படுங்கள். பூசுவதற்கு, நுளம்பு விரட்டி மருந்தான டீட் (DEET) 20–30 வீதம் உள்ளது நல்லது. சன்ஸ்கிரீனுக்கு மேல்தான் பூச வேண்டும்.

உறவினர் வீட்டில் தங்குவோருக்கு இதோடு சரி. பூட்டிக் கிடக்கும் சொந்த வீட்டைத் திறக்கப் போகிறவர்கள் மிச்சத்தையும் வாசியுங்கள்.

எங்கள் கேற்றில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கிணற்றடித் தொட்டியிலும் பாவிக்காத கொமட்டிலும் குடம்பியாம், அதாவது நுளம்புப் புழு. நுளம்பு பெருகுவதைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, வழக்கும் போடலாம். நோட்டீஸ் அப்பாவின் பெயரில். சுகாதாரப் பணிமனைக்குப் போனால், உரிமையாளர்தான் வர வேண்டும் என்றார்கள். அவர் இறந்துவிட்டார் என்றேன்; மரணச் சான்றிதழ் கேட்டார்கள். அதைக் கொண்டுபோனால் காணி உறுதி எங்கே என்றார்கள். உறுதி அக்காவிடம், அக்கா கனடாவில். அப்படியென்றால் அவரின் அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் செயற்பட எழுதித் தரும் அதிகாரம்) வேண்டும். வளவைத் துப்புரவாக்கிவிட்டேன், வந்து பாருங்கள் என்று நான் சொன்னதைக் கேட்க ஒருவருமில்லை. கையெழுத்து வைப்பவர் எந்நேரமும் வெளியே. லீவில் பாதி அந்த வாங்கிலேயே போனது. நுளம்பு அங்கேயும் கடித்தது.

சாவி வைத்திருந்த சித்தியிடம் எரிந்து விழுந்தேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "போனில வீடு பத்திரமோ எண்டுதான் கேப்பியள் தம்பி. தண்ணி நிக்குதோ எண்டு ஒருநாளும் கேக்கேல்லை." பக்கத்து வீட்டுப் பெடியன் டெங்குவோடு வார்டில் கிடந்ததையும் அப்போதுதான் சொன்னார். அந்த வீட்டு அக்கா என்னை ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

ஆகவே, உறுதிப் பிரதியும் அற்றோணித் தத்துவமும் கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். வளவைப் பார்க்க ஒருவருக்குக் கூலி கொடுங்கள். சொந்தக்காரர் என்று சும்மா சுமத்தாதீர்கள். கிழமைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். தொட்டியை வெறுமையாக்கினால் மட்டும் தீராது. முட்டை சுவரில் ஒட்டி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். கொமட்டைப் பொலித்தீனால் இறுகக் கட்டுங்கள். கிணற்றுக்குள் குடம்பி தின்னும் கப்பி மீன் விடுங்கள். கூரைப் பீலி, சிரட்டை, ஃபிரிட்ஜின் பின்தட்டு எல்லாம் கணக்கில் வரும்.

பற்றை வெட்டினால் காற்சட்டை நீளமாக இருக்கட்டும். பற்றைக்குள் உண்ணி கடித்த இடம் கறுத்துப் பொருக்காகிக் காய்ச்சலும் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், வைத்தியரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

எந்தக் காய்ச்சலையும் தணிக்கப் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், ஐபுப்ரோஃபென் தொடாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து. வயிற்று நோ, விடாத சத்தி, பல் முரசில் இரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி. திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போய் வந்தீர்கள் என்று வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.