மருத்துவமனை கரண்ட் பில்லை பி.எம்.எஸ். பதிவுகளை வைத்துக் குறைப்பது எப்படி?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிளான்ட் ரூமில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். சில்லர் (குளிர்நீர் தயாரிக்கும் மெஷின்), ஏ.எச்.யூ. (அந்த நீரால் காற்றைக் குளிர்வித்து அறைக்குத் தள்ளும் ஃபேன் பெட்டி), பம்பு எல்லாம் அதில் படமாகத் தெரியும். பச்சை எரிந்தால் ஓடுகிறது, சிவப்பு எரிந்தால் கோளாறு. அதுதான் பி.எம்.எஸ்., அதாவது கட்டட மேலாண்மை அமைப்பு. அலாரம் அடித்தால் நிறுத்துவதற்கு மட்டும்தான் பெரும்பாலும் அதன் பக்கம் ஆள் போகிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் நானும் அதற்கு மட்டும்தான் போனேன்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு வெப்பநிலையையும், ஒவ்வொரு மோட்டாரின் ஓட்டத்தையும் எழுதி வைத்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பதிவைப் படிக்கத் தெரிந்தால் பெரிய செலவு எதுவும் இல்லாமலேயே பில் குறையும். பழைய மெஷினைவிட, யாருக்கும் தேவையில்லாத நேரத்தில் ஓடுகிற மெஷின்தான் அதிகம் தின்கிறது. "இது இப்போது யாருக்காக ஓடுகிறது?" என்ற கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளைச் செய்யுங்கள்.

ஒரு எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐ.சி.யூ., பச்சிளம் குழந்தைகள் பிரிவு, தனிமை அறை, மருத்துவ வாயு பிளான்ட் இவற்றின் அமைப்புகளை நாமாக மாற்றக் கூடாது. தியேட்டரில் (அறுவை சிகிச்சை அறையில்) செய்வதையும் மருத்துவரும் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே செய்ய வேண்டும். பில்லைவிட நோயாளி பெரிது.

படி 1: பன்னிரண்டு மாத பில்லை எடுத்து வையுங்கள்

கணக்குப் பிரிவில் கேட்டால் கொடுப்பார்கள். எக்செலில் மாதத்துக்கு ஒரு வரி போடுங்கள்: மொத்த யூனிட், உச்ச நேர யூனிட், பதிவான கே.வி.ஏ. (அந்த மாதம் தொட்ட உச்சச் சுமை), ஒப்பந்த கே.வி.ஏ. (மின் வாரியத்தோடு ஒப்புக்கொண்ட சுமை), பவர் ஃபேக்டர். அதற்குப் பக்கத்தில் அந்த மாதம் நிரம்பியிருந்த படுக்கை நாட்களை எழுதுங்கள். நூறு படுக்கையில் தினமும் எழுபது நிரம்பியிருந்தால் முப்பது நாளுக்கு 2,100 படுக்கை நாள். மொத்த யூனிட்டை இதால் வகுத்தால் ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்று வரும். இனி நாம் பார்க்கப்போவது அந்த எண்ணைத்தான்.

ஏப்ரலையும் ஜூனையும் ஒப்பிட்டு "குறைத்துவிட்டோம்" என்று சொல்லிவிடாதீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. ஜூனில் மழை பிடித்ததும் ஏசி சுமை தானாகவே இறங்கும். இந்த ஏப்ரலைப் போன ஏப்ரலோடு ஒப்பிடுங்கள்.

படி 2: இரவு 2 மணியைப் பாருங்கள்

பி.எம்.எஸ்.ஸில் 'ட்ரெண்ட்' என்று ஒரு பகுதி இருக்கும். மெயின் மீட்டரின் கிலோவாட்டைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரத்துக்கு வரைபடம் எடுங்கள். பகலில் மேடாகவும் இரவில் பள்ளமாகவும் வர வேண்டும். பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதுதான் விஷயம். இரவில் ஓ.பி. கிடையாது, ஆபீஸ் கிடையாது, தியேட்டர்கள் காலி, லாண்டரி நின்றுவிட்டது. அப்படியும் 2 மணிக்குப் பகல் உச்சத்தில் முக்கால் பங்கு ஓடிக்கொண்டிருந்தால், எங்கோ யாரும் இல்லாத அறைக்குக் குளிர் போகிறது.

வரைபடத்தோடு நிற்காமல் ஒரு ராத்திரி நேரில் நடந்து பாருங்கள். நான் முதன்முதலில் அப்படி நடந்தது ஒரு தனியார் மருத்துவமனையில். தியேட்டர் காரிடாரில் நான்கு அறையும் இருட்டு, நான்கின் ஏ.எச்.யூ.வும் முழு வேகத்தில். சுவரில் இருந்த மீட்டர் 18 டிகிரி காட்டியது. நைட் டியூட்டி சிஸ்டர் ஸ்வெட்டருக்கு மேல் போர்வையும் போர்த்திக்கொண்டு மேசையில் இருந்தார். "அண்ணா, ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்கு இவ்வளவு குளிரு?" என்று அவரேதான் கேட்டார். காலையில் மூத்த எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன். "மக்ளே, தியேட்டர் ஏசியில மட்டும் கை வைக்காத. ஒரு நாள் ராத்திரி எமர்ஜென்சி கேஸ் வந்தப்ப ரூம் குளிரல. அண்ணைக்கு வாங்குன ஏச்சு போதும்" என்றார். அவர் பயம் நியாயமானது. நாம் கொண்டுவரும் மாற்றம் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அது படி 4-இல் வருகிறது.

படி 3: திரை சொல்வது உண்மைதானா?

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பதிவு தப்பாக இருந்தால் மேலே செய்வதெல்லாம் வீண். ஒவ்வொரு ஏ.எச்.யூ. முன்னாலும் போய் நின்று மூன்று விஷயம் பாருங்கள்.

முதலில் பேனலில் உள்ள ஆட்டோ–மேனுவல் சுவிட்ச். எப்போதோ ஒரு கோளாறுக்காக மேனுவலில் போட்டிருப்பார்கள், திருப்பிப் போட மறந்திருப்பார்கள். வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 'பைபாஸ்' என்று கிடந்தால், திரையில் 60 சதவீத வேகம் என்று கட்டளை போனாலும் மோட்டார் முழு வேகத்தில்தான் சுற்றும்.

அடுத்தது வால்வு. குளிர்நீர் வால்வு 0 சதவீதம், அதாவது முழுக்க மூடியிருக்கிறது என்று திரை சொல்லும். சற்று நேரம் கழித்து அதற்கு அப்பால் உள்ள குழாயைக் கையால் தொடுங்கள். ஐஸ் மாதிரி இருந்து வேர்த்தும் கிடந்தால் வால்வு முழுக்க மூடாமல் உள்ளுக்குள் விட்டுக்கொடுக்கிறது. தேவையில்லாத இடத்துக்கு ராப்பகலாகக் குளிர்நீர் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது சென்சார். சரிபார்க்கப்பட்ட ஒரு கை மீட்டரை அதன் பக்கத்தில் பத்து நிமிடம் வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். சென்சார் இரண்டு டிகிரி கூட்டிக் காட்டினால், அறை உண்மையில் 22-க்கு வந்த பிறகும் அது 24 என்றே சொல்லும். சிஸ்டம் விடாமல் குளிர்வித்துக்கொண்டே இருக்கும்.

கண்டதையெல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். வெறும் சுவிட்சைத் திருப்பிப் போட்டே ஒரு மருத்துவமனையின் இரவுச் சுமை கண்ணெதிரே இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: காலியான தியேட்டரை மெதுவாக ஓட விடுங்கள்

அதிக மிச்சம் கிடைக்கும் இடம் இது; அதே அளவு கவனமும் தேவை. தியேட்டருக்கு என்.ஏ.பி.எச். (மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு) வழிகாட்டுதல் கேட்பது: மணிக்குக் குறைந்தது 20 முறை காற்று மாற்றம், அதில் 4 வெளிக்காற்று, வெப்பநிலை 21 டிகிரி (3 கூடவோ குறையவோ இருக்கலாம்), ஈரப்பதம் 20 முதல் 60 சதவீதம், வெளியைவிட உள்ளே காற்றழுத்தம் அதிகம். அறுவை சிகிச்சை இல்லாத நேரத்திலும் ஏ.எச்.யூ. ஃபேன் ஓட வேண்டும். ஆனால் அப்போது வெப்பநிலைக் கட்டுப்பாடு இல்லாமலும் ஓடலாம், வி.எஃப்.டி. வைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று அதே வழிகாட்டுதல் இடம் தருகிறது. ஆகவே ஆஃப் செய்யக் கூடாது, வேகத்தைக் குறைக்கலாம்.

ஃபேனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மும்மடி விகிதத்தில் குறையும். வேகம் 60 சதவீதம் என்றால் 0.6 × 0.6 × 0.6, அதாவது 0.216. முழு வேகத்தில் 5 கிலோவாட் இழுக்கும் ஃபேன், மோட்டார், டிரைவ் இழப்புகளையும் சேர்த்து சுமார் 1.4 கிலோவாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் 14 மணி நேரம் தியேட்டர் காலி என்றால் 70 யூனிட் போன இடத்தில் 20 யூனிட்தான் போகும். நான்கு தியேட்டருக்கு நாளைக்கு 200 யூனிட், மாதத்துக்கு 6,000. சில்லரில் மிச்சமாவது இதில் சேராது, அது தனி.

செய்யும் முறை இதுதான். ஒரு தியேட்டரை எமர்ஜென்சிக்காக எப்போதும் தயாராக விட்டுவிடுங்கள். அதைத் தொடவே வேண்டாம். (அப்போது மேலே சொன்ன நான்கு மூன்றாகும், மிச்சமும் அதற்கேற்பக் குறையும். பரவாயில்லை.) மற்றவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, கதவை மூடி, வேகத்தை ஐந்து ஐந்து சதவீதமாக இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் சுவரில் உள்ள அழுத்த மீட்டரைப் பாருங்கள். வழிகாட்டுதல் கேட்கும் 2.5 பாஸ்கலுக்குக் கீழே போகப் பார்த்தால் அதற்கு மேலேயே நின்றுவிடுங்கள். இரவில் வெப்பநிலை செட்பாயின்ட்டை (சிஸ்டத்தில் நாம் வைக்கும் இலக்கு அளவை) 24 வரை விடலாம்.

பிறகு எதிர்ச்சோதனை: முழு வேகத்துக்கு மாற்றி, அறை 21-க்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று ட்ரெண்டில் எடுங்கள். இருபது நிமிடம் என்று வந்தால் அந்த எண்ணை எழுதி தியேட்டர் சிஸ்டரிடம் கொடுங்கள். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்சும் பச்சை விளக்கும் வைக்கச் சொல்லுங்கள். கேஸ் வருகிறது என்று தெரிந்ததும் சிஸ்டர் அழுத்துவார். யாரையும் தேடி ஓட வேண்டாம். மூத்த எலக்ட்ரீஷியனின் பயத்துக்கு இந்தச் சுவிட்சுதான் பதில். குளிர் யார் கையில் என்பது தெளிவானதும் எதிர்ப்பு தானாக அடங்கும்.

படி 5: சில்லரின் இரண்டு வெப்பநிலை

சில்லரிலிருந்து போகும் நீர், திரும்பி வரும் நீர். பொதுவாக 7 டிகிரியில் போய் 12-இல் திரும்பும்படி வடிவமைப்பார்கள். எத்தனை டன் குளிர் (டன் என்பது இங்கே குளிர்விக்கும் திறனின் அளவு) என்பதை நீங்களே கணக்கிடலாம்: மணிக்கு ஓடும் கன மீட்டரை வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி 3.024-ஆல் வகுக்க வேண்டும். 60 கன மீட்டர், வித்தியாசம் 5 என்றால் சுமார் 99 டன். அதே நீர் ஓடி வித்தியாசம் 2 மட்டும் வந்தால் வெறும் 40 டன். பம்பு முழுசாக உழைக்கிறது, குளிர் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. விட்டுக்கொடுக்கும் வால்வு, திறந்து கிடக்கும் பைபாஸ் குழாய், அழுக்கேறிய காயில் (ஏ.எச்.யூ.வுக்குள் குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருள்), இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அதைச் சரி செய்தால் இரண்டாவது பம்பை நிறுத்தலாம்.

இணையத்தில் எங்கே பார்த்தாலும் "குளிர்நீர் வெப்பநிலையை உயர்த்துங்கள், ஒரு டிகிரிக்கு இரண்டு மூன்று சதவீதம் மிச்சம்" என்று இருக்கும். உண்மைதான். ஆனால் குளச்சல், முட்டம் என்று கடலை ஒட்டிய நம் ஊரில் ஈரம்தான் முதல் எதிரி. 21 டிகிரியில் 55 சதவீத ஈரப்பதம் வேண்டுமென்றால், அந்தக் காற்றின் பனிநிலை (ஈரம் தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 11.6 டிகிரி. காயில் அதைவிட நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான் ஈரம் தண்ணீராக வடியும். நீரையே 10, 11-க்கு உயர்த்திவிட்டால் அறை குளிரும், ஈரம் நிற்கும், சீலிங்கில் பூஞ்சை பிடிக்கும். தியேட்டரும் வார்டும் ஒரே சில்லரில் இருந்தால் 7-ஐ விட்டு அதிகம் நகராதீர்கள். மழைக் காலத்தில் நகரவே வேண்டாம்.

படி 6: கரண்ட் போய் வந்த பிறகு நடப்பது

ஹெச்.டி. (உயரழுத்த) இணைப்பில் யூனிட்டோடு கே.வி.ஏ.வுக்கும் பணம் கட்டுகிறோம். மாதத்தில் ஒரே ஒரு முறை உச்சம் தொட்டாலும் அதுதான் பில்லில் ஏறும். பதிவானது குறைவாக இருந்தால் ஒப்பந்தத்தில் 90 சதவீதத்துக்குக் கட்ட வேண்டும்.

காற்றும் மழையும் உள்ள நாளில் தென்னை ஓலை லைனில் விழுந்து கரண்ட் போவது நமக்குப் பழக்கம். ஜெனரேட்டரில் அவசரச் சுமை மட்டும் ஓடும். அரை மணியில் கட்டடம் சூடாகிவிடும். கரண்ட் வந்ததும் இரண்டு சில்லரும் எல்லா ஏ.எச்.யூ.வும் ஒன்றாகக் கிளம்பி, விட்ட குளிரைப் பிடிக்க முழுச் சுமையில் ஓடும். கிளம்பும்போது ஒரு சில விநாடி இழுக்கும் கரண்ட் பெரிய விஷயமில்லை, மீட்டர் சில நிமிடங்களின் சராசரியைத்தான் எடுக்கிறது. அதன் பின் வரும் அரை மணி நேரம்தான் உச்சத்தை ஏற்றுகிறது. அதே சமயத்தில் ஸ்டெரிலைசேஷன் அறையின் ஆட்டோக்ளேவும் லாண்டரி டிரையரும் ஓடினால் சொல்லவே வேண்டாம்.

பி.எம்.எஸ்.ஸில் வரிசை வையுங்கள்: முதலில் ஐ.சி.யூ., எமர்ஜென்சி தியேட்டர், ஐந்து நிமிடம் கழித்து வார்டு, ஓ.பி.யும் ஆபீஸும் கடைசியில். இரண்டாவது சில்லர் இருபது நிமிடம் பொறுத்துத் தேவை இருந்தால் மட்டும். லாண்டரிக்காரரிடம் ஒரு வார்த்தை: "கரண்ட் வந்ததும் அரை மணி டிரையர் போடாதீங்கண்ணே."

மற்ற சில்லறை வேலைகள்

ஓ.பி. ஏசிக்கு நேர அட்டவணை போடுங்கள். ஞாயிறு, பண்டிகை விடுமுறைகளையும் அதில் ஏற்றுங்கள். அறை ஏசிகளை 24-இல் வையுங்கள். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் பி.இ.இ. (எரிசக்தித் திறன் பணியகம்) சொல்லும் கணக்கு. ஸ்டார் லேபிள் ஏசிகள் 24 டிகிரி அமைப்போடுதான் வர வேண்டும் என்பது 2020 ஜனவரியிலிருந்து விதியும்கூட. கடலோரத்தில் அவுட்டோர் யூனிட்டின் தகடுகளில் உப்பு வெள்ளையாகப் படியும். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். அழுத்தமாக அடித்தால் தகடு மடங்கிவிடும்.

பி.எம்.எஸ். இல்லாத சின்ன மருத்துவமனையா? பதிவு எடுக்கும் எனர்ஜி மீட்டர் ஒன்று, வெப்பநிலை–ஈரப்பதம் பதியும் லாகர் இரண்டு, ஒரு நோட்டு. இரவு 10, 2, காலை 6 மணிக்கு மீட்டரை எழுதச் சொல்லி வாட்ச்மேனிடம் கேளுங்கள். ஒரு மாதத்தில் படி 2-ஐ நீங்களும் செய்துவிடலாம்.

படி 7: மாற்றியதை எழுதி ஒட்டுங்கள்

ஒரே வாரத்தில் நான்கு மாற்றம் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். ஒவ்வொரு பேனல் கதவின் உள்பக்கமும் ஒரு தாளை ஒட்டுங்கள்: தேதி, முன்பு இருந்த செட்பாயின்ட், இப்போது உள்ளது, யார் ஒப்புதல், ஏன். யாராவது அவசரத்துக்கு மேனுவலில் போட்டால் பெயரையும் நேரத்தையும் அதிலேயே எழுத வேண்டும். திங்கள்கிழமை காலை டீக்கு முன்னால் எல்லா பேனலையும் ஒரு சுற்று திறந்து பாருங்கள். மேனுவலில் இருப்பதை எழுதியவரிடம் கேட்டு, வேலை முடிந்திருந்தால் அங்கேயே ஆட்டோவுக்குத் திருப்பிவிடுங்கள்.