நல்ல மாடல், மோசமான காட்சி: லெகோ ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெகோ செட்டுடன் வரும் கையேட்டை ஒதுக்கிவிட்டு, சொந்த யோசனையில் கட்டும் மாடல்களை ரசிகர்கள் ‘மாக்’ என்பார்கள். இப்படிப்பட்ட மாடல்களைத் தொடர்ந்து பார்த்து வருபவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: பல மாடல்களில் கட்டிய விதத்தில் பெரிய குறை இருக்காது, காட்டிய விதத்தில்தான் இருக்கும். மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டியவர் படம் எடுக்க அஞ்சு நிமிஷம்கூட ஒதுக்கவில்லை என்பது படத்திலேயே தெரிந்துவிடும். கட்டியவருக்கு அந்த மாடலின் உள்ளும் புறமும் அத்துப்படி. பார்க்க வருபவர் காண்பது ஒரு பக்கத்தை, அதுவும் சில நொடிகள். இதை மறப்பதால் வரும் தவறுகள்தான் கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை.

முதலில் எண்ணிக்கைப் பெருமை. ‘இத்தனை ஆயிரம் கட்டைகள், இத்தனை மாத உழைப்பு’ என்று ஆரம்பிக்கும் அறிமுகங்கள் ஏராளம். கட்டைகளின் எண்ணிக்கை செலவைச் சொல்லும், பொறுமையைச் சொல்லும். மாடல் நன்றாக இருக்கிறதா என்பதைச் சொல்லாது. எட்டு ஸ்டட் (கட்டையின் தலையில் உள்ள வட்டக் குமிழ்) கொண்ட, ஒரே நிறக் கட்டைகள் ஆறை மட்டும் எடுத்தால் 91,51,03,765 விதமாக இணைக்கலாம். ஆறு கட்டைகளிலேயே இவ்வளவு வாய்ப்பு இருக்கும்போது, நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதுதான் பேச வேண்டிய விஷயம். எண்ணிக்கைக்கே ஓர் அர்த்தம் இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். ரசிகர்கள் அனுப்பிய யோசனையிலிருந்து உருவாகி 2017இல் வெளிவந்த அப்போலோ சாட்டர்ன் ஃபைவ் ராக்கெட் செட்டில் 1,969 கட்டைகள். மனிதன் நிலவில் கால் வைத்த ஆண்டும் 1969தான். அங்கே எண்ணும் கதையின் ஒரு பகுதி.

அளவு விகிதத்தில் நடக்கும் குழப்பம்

லெகோ செட்டுகளில் வரும் குட்டி மனித பொம்மையான மினிஃபிகரின் உயரம் சுமார் 4 செ.மீ. அதை 170 செ.மீ. உயர மனிதராக எடுத்துக்கொண்டால் விகிதம் ஏறக்குறைய 1:42. சரி, அகலத்தைப் பாருங்கள். அதன் இடுப்பு 2 ஸ்டட், அதாவது 16 மி.மீ. இதே கணக்கில் பெருக்கினால் 68 செ.மீ. அகல இடுப்பு வருகிறது! மினிஃபிகர் குள்ளமும் குண்டுமான ஆசாமி. ஆகவே அதன் உயரத்துக்குச் சரியாகக் கட்டிய வண்டி அகலத்துக்குப் பத்தாது. நிஜத்தில் 180 செ.மீ. அகலமுள்ள கார் 1:42இல் ஐந்து ஸ்டட்டைச் சற்றே தாண்டும். கதவு, கண்ணாடி எல்லாம் போக இரண்டு பேரை அருகருகே உட்கார வைக்க இடமிருக்காது. லெகோ நிறுவனமே ஸ்பீட் சாம்பியன்ஸ் என்ற தன் வரிசையின் கார்களை 2020இல் 6 ஸ்டட் அகலத்திலிருந்து 8 ஸ்டட்டுக்கு மாற்றியது.

அதனால் துல்லியமான விகிதம் என்று மினிஃபிகர் உலகில் ஒன்று கிடையாது. ‘இது சரியான ஸ்கேல் இல்லை’ என்று யாராவது சொன்னால் அதற்காக வருந்த வேண்டியதும் இல்லை. தவறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே காட்சிக்குள் வீட்டுக் கதவு ஒரு விகிதம், அதன் முன்னால் நிற்கும் பேருந்து இன்னொரு விகிதம், மரம் மூன்றாவது விகிதம் என்று வைப்பதுதான் தவறு. ஒன்றைத் தீர்மானித்து, காட்சி முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பவற்றை வேண்டுமென்றே சிறிதாகக் கட்டித் தூரத்தைக் காட்டும் உத்தி ஒன்று உண்டு. படத்தில் அது அற்புதமாக எடுபடும். கண்காட்சி மேசையில் ஆட்கள் சுற்றிவந்து பார்க்கும்போது அந்த மாயம் முதல் திருப்பத்திலேயே கலைந்துவிடும். அப்படிப்பட்ட மாடலை மூன்று பக்கமும் தடுப்பு வைத்து முன்பக்கம் மட்டும் திறந்து காட்ட வேண்டும்.

நிறத்திலும் இப்படி ஒரு பொறி உண்டு. 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை நீலச்சாயல் உள்ளவையாக மாற்றியது. பழைய பெட்டியில் கிடந்ததையும் புதிதாக வாங்கியதையும் கலந்து கோட்டைச் சுவர் எழுப்பினால், இரவு விளக்கில் வித்தியாசம் தெரியாது. பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் சுவர் திட்டுத் திட்டாக நிற்கும். பழையதை உள்சுவருக்கும் அடித்தளத்துக்கும் ஒதுக்கிவிடலாம். இல்லையென்றால், வெயில் மழை பட்ட சுவர் என்று தோன்றும்படி இரண்டையும் நன்றாகக் கலந்துவிட வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதுதான் கண்ணை உறுத்தும்.

படம் எடுப்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள்

மாடலை நேரில் பார்ப்பவர்களைவிடப் படத்தில் பார்ப்பவர்கள் பல மடங்கு அதிகம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போனின் வழக்கமான கேமரா அகலக் கோணம் கொண்டது. மாடலுக்கு மிக அருகில் கொண்டுபோனால் முன்னால் இருப்பது பெரிதாக ஊதிக்கொள்ளும், பின்னால் இருப்பது சுருங்கும். நேராக நிற்கும் கோபுரம் சாய்ந்தது போல் வரும். இரண்டு மூன்று அடி பின்னால் போய், போனில் தனி ஜூம் லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். நேர்கோடுகள் நேராக நிற்கும். மாடலின் முன்பக்கம் தெளிவாகவும் பின்பக்கம் மங்கலாகவும் வரும் தொல்லையும் தூரம் கூடக்கூடக் குறையும்.

போர்ட்ரெய்ட் மோடை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பின்னணியை மங்கலாக்கும் மென்பொருளுக்கு ஆன்டெனா எது, கைப்பிடி எது, கொடிக்கம்பம் எது என்று பிரித்தறியத் தெரியாது. நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த மெல்லிய குச்சிகளைப் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். லெகோ கட்டைகள் பளபளப்பான ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஃபிளாஷ் அடித்தால் ஒவ்வொரு ஸ்டட்டின் தலையிலும் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் போதும். நேர்வெயில் விழுந்தால் ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணியோ டிரேசிங் பேப்பரோ மாட்டுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளியும் மஞ்சள் பல்பும் கலந்தால் வெள்ளைக் கட்டை ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரியும், எந்த எடிட்டிங்கும் அதை முழுசாகச் சரிசெய்யாது.

பின்னணிக்கு ஒரு பெரிய தாள் போதும். சுவரிலிருந்து மேசை வரை மடிப்பில்லாமல் வளைத்து விட்டால் மூலைக்கோடு தெரியாது. வெள்ளை மாடலுக்கு வெள்ளைத் தாள் வேண்டாம், ஓரங்கள் கரைந்துபோகும். இளஞ்சாம்பல் நிறம் ஏறக்குறைய எல்லா மாடலுக்கும் பொருந்தும். பின்னால் சார்ஜர் வயரும் காய்ந்துகொண்டிருக்கும் துண்டும் தெரியும் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெரும்பாலோர் நின்றபடி, மேலிருந்து எடுக்கிறார்கள். அப்போது மாடல் பொம்மையாகவே தெரியும். கேமராவை மினிஃபிகரின் கண் மட்டம் வரை இறக்குங்கள், தெரு தெருவாகும், கட்டடம் நிமிரும். மேலிருந்து ஒன்று, கண் மட்டத்தில் ஒன்று, பின்பக்கம் ஒன்று, நுட்பம் தெரியும்படி நெருக்கமாக இரண்டு என்று எடுத்தால் தாராளம். ஒரே கோணத்தில் முப்பது படம் போட்டால் யாரும் கடைசி வரை பார்ப்பதில்லை. எடுப்பதற்கு முன் மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, கருப்புக் கட்டைகளில் இருக்கும் விரல் ரேகையைத் துடைத்துவிடுங்கள். கேமரா இரண்டையும் மன்னிக்காது.

கம்ப்யூட்டரில் மட்டும் கட்டிய மாடலை நிஜ மாடல் போலக் காட்டுவது தனி ரகம். 1995இல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் உருவாக்கிய எல்டிரா என்ற மென்பொருளில் தொடங்கி, இன்று பலரும் பயன்படுத்தும் பிரிக்லிங்க் ஸ்டூடியோ வரை, டிஜிட்டலில் கட்டுவது நீண்ட வரலாறு கொண்ட முறை. அதில் குறைவாக எண்ண ஒன்றுமில்லை. டிஜிட்டல் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். எழுதாமல் விட்டால், அந்த நிறத்தில் ஒருபோதும் வெளிவராத கட்டை ஒன்றை யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள். திரையில் நிற்கும் மாடலுக்குப் புவியீர்ப்பு கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். கையில் கட்டினால் நிற்குமா என்று கேட்பவருக்கு நேர்மையான பதில் வேண்டும்.

கண்காட்சிக்குக் கொண்டுபோகும்போது

மாடல்கள் உடைவது பெரும்பாலும் வழியில்தான். மாடலுக்கு அடித்தளமாக வைக்கும் 48×48 ஸ்டட் பேஸ்பிளேட் தகட்டின் பக்கம் 38.4 செ.மீ.; மெல்லியது, தூக்கினால் வளையும். அது வளைந்தால் மேலே உள்ள சுவர்கள் பட்டென்று கழன்றுவிடும். அடியில் ஒரு பிளைவுட் பலகை வைத்து, அந்தப் பலகையைத்தான் தூக்க வேண்டும். பெரிய மாடலை ஒரே துண்டாகக் கொண்டுபோக ஆசைப்படாதீர்கள். கட்டும்போதே எங்கே பிரியும் என்று திட்டமிட்டு, ‘டெக்னிக் பின்’ எனும் சிறு இணைப்பு முளைகளால் கோத்தால் போதும் என்ற அளவுக்குப் பகுதிகளாக அமையுங்கள். கட்டி முடித்த பிறகு பிரிக்கும் இடத்தைத் தேடுவது பெரும்பாடு. ஒவ்வொரு பகுதியையும் தனி மூடியுள்ள பெட்டியில் வைத்தால், உதிர்ந்தது எதிலிருந்து உதிர்ந்தது என்றாவது தெரியும். மாடலில் உள்ள நிறங்களில் கொஞ்சம் உபரிக் கட்டைகளையும் கட்டைகளைப் பிரிக்கும் கருவியான ஒரு பிரிக் செபரேட்டரையும் கையில் வைத்திருங்கள்.

மேசையில் வைத்த பிறகு நடக்கும் தவறு, நுட்பமான வேலையை நடுவில் வைத்துவிடுவது. தடுப்புக்கு அப்பால் நிற்பவருக்கு முன்னோரத்தில் இருப்பதுதான் துலக்கமாகத் தெரியும். சின்னச் சின்ன வேடிக்கைகளை அங்கே வையுங்கள், உயரமானவை பின்னால் போகட்டும். குழந்தைகளின் கண் மேசை விளிம்புக்கு நேராக இருக்கும். அந்த மட்டத்திலும் ஏதாவது இருந்தால் அவர்கள் தொட முயல்வது குறையும், முழுதாக நிற்காது. ‘தொடாதீர்கள்’ அட்டையை நம்புவதைவிடக் கை எட்டாத தூரத்தில் ஒரு கயிறு கட்டுவது மேல். விவர அட்டையில் மாடலின் பெயர், கட்டியவர் பெயர், ஒரே ஒரு சுவாரசியமான தகவல் போதும். மோட்டார் ஓடும் மாடலை நாள் முழுக்க ஓடவிடாமல், பட்டனை அழுத்தினால் கொஞ்ச நேரம் ஓடும்படி வைத்தால் மோட்டாரும் பிழைக்கும், கூட்டமும் நிற்கும்.

அலமாரியில் பல காலம் வைக்கப் போகிறீர்கள் என்றால் வெயிலைத் தவிருங்கள். புற ஊதாக் கதிர் பட்டால் வெள்ளையும் சாம்பலும் மஞ்சளடிக்கும். கழுவ வேண்டியிருந்தால் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான தண்ணீர் கூடாது. இன்னொன்று, கட்டைகளை அவை தாங்காத வகையில் நெருக்கிச் செருகும் உத்திகள். ஸ்டட்டின் விட்டம் 4.8 மி.மீ., இரண்டு ஸ்டட்டுகளின் மையங்களுக்கு இடையே 8 மி.மீ. ஆக நடுவில் மிஞ்சும் இடைவெளி 3.2 மி.மீ. பிளேட் எனும் மெல்லிய தட்டைக் கட்டையின் தடிமனும் அதே 3.2 தான். கணக்கில் சரியாக வருகிறதே என்று பிளேட்டைச் செங்குத்தாகச் செருகுவார்கள். உள்ளே போகும், ஆனால் இறுக்கமாகவே நிற்கும். படம் எடுத்துப் பிரித்துவிடுவதென்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில் அப்படியே நின்றால் கட்டை வெளுக்கும், விரியும். பக்கவாட்டில் கட்டை வைக்க வேண்டுமானால், ஐந்து பிளேட் உயரம் 16 மி.மீ., இரண்டு ஸ்டட் அகலமும் 16 மி.மீ. என்ற கணக்கைப் பயன்படுத்தினால் எந்த அழுத்தமும் இல்லாமல் பொருந்தும்.

பசை போடலாமா என்று கேட்பார்கள். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் பெரிய சிற்பங்களுக்குப் போடுகிறார்கள். வீட்டு மாடலுக்குத் தேவையில்லை.

பெயர் விஷயம்

அடுத்தவர் வடிவமைப்பைப் பார்த்துக் கட்டினால் அவர் பெயரைச் சொல்லுங்கள். ஒரு ஜன்னல் உத்தியை மட்டும் எடுத்திருந்தாலும் சொல்லலாம், அதனால் உங்கள் மாடலின் மதிப்பு குறையாது. முழு மாடலையும் நகலெடுத்துவிட்டு வாய் திறக்காமல் இருப்பது மட்டும் எப்படியும் வெளியே வந்துவிடும், ரசிகர் வட்டம் சிறியது. லெகோ லோகோவை உங்கள் பெயர்ப்பலகையிலோ பெட்டியிலோ அச்சிடாதீர்கள். அந்த நிறுவனம் அங்கீகரித்தது போன்ற தோற்றம் வரும், அதை அவர்கள் விரும்புவதில்லை. ரசிகர்களின் யோசனைகளை நிறுவனம் ஏற்கும் இணையதளமான லெகோ ஐடியாஸுக்கு அனுப்புவதாக இருந்தால் வேறு தயாரிப்பாளரின் கட்டைகள் அதில் இருக்கக்கூடாது. 10,000 பேர் ஆதரவு கிடைத்தாலும் அது பரிசீலனைக்குப் போகும் தகுதிதான், செட்டாக வரும் என்ற உறுதி இல்லை. 10,000 வந்ததுமே ‘அதிகாரப்பூர்வ செட் ஆகிறது’ என்று அறிவித்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, பிரிக்கும் அவசரம். அடுத்த மாடலுக்குக் கட்டை வேண்டும் என்று கண்காட்சி முடிந்த இரவே உடைத்துவிடுவார்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்காக எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுங்கள். கையேடு கேட்டு வருபவர்களுக்குப் பின்னாளில் அந்தப் படங்களே கைகொடுக்கும்.