பெயர்ப்பலகையை வைத்து ஒரு கம்பெனியின் வம்சாவளியைப் பிடிப்பது எப்படி?

திருப்பாதிரிப்புலியூரில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது இன்ஜின் பக்கவாட்டில் உள்ள எழுத்தைப் பாருங்கள். டபிள்யூஏபி-7 (WAP-7, பயணிகள் ரயிலை இழுக்கும் ஒரு மின்சார இன்ஜின் வகை) என்றிருந்தால் சரி, அங்கிருந்தே தொடங்கலாம். கட்டியது இந்திய ரயில்வேயின் சொந்த ஆலைதான், ஆனால் அதன் மூன்று-ஃபேஸ் தொழில்நுட்பம் ஏபிபி (ABB) என்ற ஐரோப்பியக் கம்பெனியிடமிருந்து வந்தது.

இப்போது ஒரு தாளில் ஏபிபியை நடுவில் எழுதி, முதலில் பின்னோக்கிப் போங்கள்: 1988-இல் சுவீடனின் அசேயா (ASEA) கம்பெனியும் சுவிட்சர்லாந்தின் பிரவுன் போவேரியும் இணைந்ததுதான் அது. அப்புறம் முன்னோக்கி. 1996-இல் ஏபிபியும் டெய்ம்லர்-பென்ஸும் தங்கள் ரயில் தொழிலைச் சேர்த்து ஆட்ரான்ஸ் தொடங்கின, 2001-இல் அதை பம்பார்டியர் வாங்கியது, 2021-இல் பம்பார்டியரின் ரயில் பிரிவையே அல்ஸ்டாம் வாங்கிவிட்டது.

பலரும் குழம்புவது இங்கேதான். ரயிலுக்கு ஒரு கோடு, மின்சாரத்துக்குத் தனிக்கோடு என்று கட்டாயம் பிரித்துப் போடுங்கள், ஏனென்றால் ஒரே பெயர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும். அல்ஸ்டாம் தன் மின் உற்பத்தித் தொழிலை 2015-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் விற்றது. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் மின்சாரத் தொழில் 2024-இல் ஜிஇ வெர்னோவா என்ற தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. ஆகவே பழைய டர்பைனில் அல்ஸ்டாம் பெயர் இருந்தால், இன்றைய வாரிசை ரயில் பக்கம் தேடாதீர்கள்.

எல்லாப் பலகைக்கும் இந்த முறை பொருந்தாது. 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் வந்தது, அங்கே கம்பெனிக்குப் பதில் அரசு ஆலைகளைத் தேட வேண்டும். பலகையில் ஆண்டு இருந்தால் அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், பெயரை விட அதுதான் அதிகம் உதவும்.